ஆதிச்சபையில் யார் தலைவர்? கண்காணியா, மூப்பரா, தீர்க்கதரிசியா?

கல்லிடையான்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு எங்கள் சபையில் கமிட்டித் தேர்தலுக்கு முந்தின கூட்டம். அரை மணி நேரத்தில் முடிய வேண்டியது, வீட்டில் சோறு ஆறிப்போகும்வரை இழுத்தது. ஒரு பெரியவர் எழுந்து, "ஆதிச்சபையில் ஓட்டு ஏது? பேராயர் சொன்னார், சனங்கள் கேட்டார்கள்" என்றார். உடனே இன்னொருவர், "பேராயரே பின்னால் வந்தவர்தான், ஆதியில் மூப்பர்கள் மட்டும்தான்" என்றார். பின்வரிசையில் ஒரு பையன், "தீர்க்கதரிசிகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டான். அதோடு கூட்டம் கலைந்தது.

சண்டை எங்களுக்குப் புதிதல்ல. மூன்று பேரும் ஒரே வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் முந்நூறு வருஷத்தில் உண்மையில் யார் என்ன செய்தார்கள்? பிரசங்கம் வேண்டாம். ஊர், காலம், ஆள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி

தம்பி, உங்கள் கூட்டத்தில் பேசிய மூன்று பேரும் சரிதான். ஆளுக்கு ஓர் ஊரை மனதில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் "எந்த ஊரில், எந்தக் காலத்தில்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் பிலிப்பி. பவுல் அந்த ஊருக்கு எழுதிய கடிதத்தின் முதல் வசனத்திலேயே "கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்" என்று வருகிறது. கிரேக்கத்தில் எபிஸ்கோபோஸ், தியாகோனோஸ். இரண்டுமே பன்மையில் இருக்கின்றன. ஒரே ஊரில் பல "பிஷப்"புகள்! மூப்பர் என்ற பேச்சே அந்தக் கடிதத்தில் இல்லை.

அடுத்து எபேசு. அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பவுல் மிலேத்துவில் இருந்துகொண்டு எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கிறார். பதினோரு வசனம் தள்ளி அதே ஆட்களிடம் பரிசுத்த ஆவி உங்களைக் கண்காணிகளாக வைத்தார் என்கிறார். தீத்து முதல் அதிகாரத்திலும் இதே கதைதான். ஊர்தோறும் மூப்பரை ஏற்படுத்து என்று தொடங்கி, இரண்டு வசனத்தில் கண்காணி எப்படி இருக்க வேண்டும் என்று போகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். மூப்பர் என்பது யூத ஜெப ஆலய வழக்கத்தில் வந்த மரியாதைப் பெயர். கண்காணி என்பது அவர் செய்த வேலையின் பெயர்.

கொரிந்துவுக்கு வாருங்கள். பவுல் அங்கே அடுக்கும் வரிசை வேறு: முதலாவது அப்போஸ்தலர், இரண்டாவது தீர்க்கதரிசிகள், மூன்றாவது போதகர்கள். கண்காணியும் இல்லை, மூப்பரும் இல்லை. அந்த ஊரில் அவர் "இவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று சொல்வது ஸ்தேவான் வீட்டாரைத்தான் (முதல் இரத்தசாட்சி ஸ்தேவான் வேறு ஆள்). காரணம், அகாயா நாட்டில் முதலில் விசுவாசித்தவர்கள் அவர்கள், தாங்களாகவே ஊழியத்துக்கு இறங்கினவர்கள். யாரும் தலையில் கைவைத்து நியமிக்கவும் இல்லை, ஓட்டும் போடவில்லை.

கொழுந்து

நான் இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம். கண்காணி என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கங்காணி என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி. ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவருவதும் அவர், கடன் கணக்கு எழுதுவதும் அவர், தோட்டத்துரைக்கு முன்னால் நிற்பதும் அவர். தாத்தா வேதாகமம் வாசிக்கும்போது "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்ற வசனம் வந்தால் நிறுத்தி, "இதைப் பவுல் லயத்தில் இருந்து எழுதவில்லை" என்பார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு.

ஓலைச்சுவடி

கொழுந்து, உங்கள் தாத்தா பெரிய ஆள்! ஆனால் அந்தச் சொல் அவ்வளவு வழிதவறிப் போகவில்லை. எபி என்றால் மேல், ஸ்கோபோஸ் என்றால் பார்க்கிறவன். கண் காணி. மொழிபெயர்த்தவர்கள் எலும்புக்கு எலும்பு ஒட்டவைத்திருக்கிறார்கள். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளிலும் கண்காணி ஒரு பதவிப் பெயராக வருகிறது. கிரேக்கர்களிடமும் அந்தச் சொல்லுக்கு அதிகார வாசனை உண்டு. ஏதென்ஸ் நகரம் தன் கைக்குள் இருந்த ஊர்களை மேற்பார்வை பார்க்க அனுப்பிய அதிகாரிகளுக்கு எபிஸ்கோபோஸ் என்றுதான் பெயர். சில சங்கங்களில் பணக் கணக்கு பார்த்தவர்களையும் அப்படியே அழைத்தார்கள். பக்திச் சொல்லாக அது பிறக்கவில்லை, ஆபீஸ் சொல்லாகத்தான் பிறந்தது.

நம்மிடம் ஒரே பதவிக்கு எத்தனை பெயர் பாருங்கள்: கண்காணி, அத்தியட்சர், மேற்றிராணியார், ஆயர், பேராயர், பிஷப். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கப்பலில் வந்தது.

செபமாலை

ஓலைச்சுவடி ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் முதல் நூற்றாண்டின் நடுவிலேயே நின்றுவிட்டீர்கள். அந்தியோக்கியா ஆயர் புனித இஞ்ஞாசியாரை ஏன் தொடவில்லை? மரபுப்படி அவர் இறந்தது டிராஜன் ஆட்சியில், 107 வாக்கில். சங்கிலியில் கட்டி ரோமுக்கு இழுத்துப்போகும் வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். காவலுக்கு வந்த பத்துப் படைவீரர்களைப் "பத்துச் சிறுத்தைகள்" என்கிறார், நல்லது செய்தால் இன்னும் மோசமாகிறார்களாம்.

அந்தக் கடிதங்களில் ஊருக்கு ஓர் ஆயர் பெயரோடு வருகிறார். எபேசுவில் ஒனேசிமு, மக்னேசியாவில் தாமாஸ், திரல்லேயில் பொலிபியு, சிமிர்னாவில் பொலிகார்ப்பு. தாமாஸ் வயதில் சின்னவர். அதை வைத்து அவரை ஏய்க்காதீர்கள் என்று மக்னேசியர்களுக்கு எழுதுகிறார். ஆயர் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்கிறார். யாழின் நரம்புகள் யாழோடு இசைந்திருப்பதுபோல் மூப்பர்கள் ஆயரோடு இசைந்திருக்க வேண்டும் என்கிறார். ஓர் ஆயர், அவரைச் சுற்றி மூப்பர், அவர்களுக்கு உதவியாகத் திருத்தொண்டர் (நீங்கள் உதவிக்காரர் என்றவர்கள்). இந்த மூன்றடுக்கு அப்போதே முழுசாக இருக்கிறது. நான்காம் நூற்றாண்டுச் சக்கரவர்த்தி வந்து திணித்தது என்று யாராவது கிளம்பினால் இந்தக் கடிதங்களைக் காட்டுங்கள்.

ஓலைச்சுவடி

திணித்தது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இக்னேஷியஸ் (நீங்கள் சொல்லும் இஞ்ஞாசியார்) ஒன்றை இவ்வளவு சத்தமாகச் சொல்கிறார் என்றால், சொல்ல வேண்டிய தேவை இருந்தது என்று பொருள். மூடின கதவுக்கு முன்னால் நின்று யாரும் "உள்ளே வராதே" என்று கத்திக்கொண்டே இருப்பதில்லையே.

இரண்டு விஷயம் சேர்த்துப் பாருங்கள். அவர் ஆறு சபைகளுக்கோ ஆட்களுக்கோ எழுதும்போது ஆயரைப் பற்றிப் பேசுகிறார். ஏழாவது கடிதம் ரோம் சபைக்குப் போகிறது. அதில் ரோமின் பிஷப் என்று யாரையும் சொல்லவில்லை. இன்னொன்று, சிமிர்னா போலிகார்ப்பே பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதம். "போலிகார்ப்பும் அவரோடுள்ள மூப்பரும்" என்று தொடங்கி, மூப்பருக்கும் உதவிக்காரருக்கும் கீழ்ப்படியச் சொல்கிறார். பிஷப் பேச்சு இல்லை. அதாவது பவுல் எழுதி இரண்டு தலைமுறை ஆன பிறகும் பிலிப்பியில் ஒரு குழுதான் சபையை நடத்துகிறது. கடலுக்கு இந்தப் பக்கம் சிமிர்னாவில் ஒற்றை ஆயர், அந்தப் பக்கம் பிலிப்பியில் மூப்பர் குழு. இரண்டு ஊரும் சண்டையில்லாமல் கடிதம் எழுதிக்கொள்கின்றன!

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த ஆள் வாலென்ஸ். பிலிப்பியில் மூப்பராக இருந்தவர். பண ஆசையில் ஏதோ செய்து பதவி போய்விட்டது. மனைவியும் உடந்தை. போலிகார்ப் அவரைத் திட்டவில்லை. இருவருக்காகவும் மிகவும் வருந்துகிறேன், அவர்களைப் பகைவராக நினைக்காமல் நோயுற்ற உறுப்பு என்று நினைத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். பைபிளுக்கு வெளியே நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழைய மூப்பர்களில் ஒருவர், காசு விஷயத்தில் மாட்டிக்கொண்டதால்தான் நமக்குத் தெரிகிறார்.

கல்லிடையான்

வாலென்ஸ் கதையை எங்கள் கூட்டத்தில் சொல்ல முடியாது. போன வருஷக் கணக்கே இன்னும் வரவில்லை.

தனிச்சபை

ஐயாமார் இருவரும் பதவியைச் சுற்றியே வருகிறீர்கள். ஆதிச்சபையை நடத்தினது ஆவியானவர். தீர்க்கதரிசி எழுந்து பேசினால் கண்காணியும் மூப்பரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஆவி தணிந்த பிறகுதான் நாற்காலி வந்தது. இதை மறுக்க முடியுமா?

ஓலைச்சுவடி

பாதியை மறுக்க முடியாது. "பன்னிரு அப்போஸ்தலரின் போதனை" என்று ஒரு சின்ன நூல், டிடாக்கே என்பார்கள். 1056-இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் இருந்ததைக் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரியேனியோஸ் என்ற ஆயர் 1873-இல் கண்டெடுத்தார், 1883-இல் அச்சிட்டார். அதில் உங்களுக்குச் சாதகமாக ஒரு வரி உண்டு. முதற்பலனைத் தீர்க்கதரிசிகளுக்குக் கொடுங்கள், அவர்களே உங்கள் பிரதான ஆசாரியர்கள் என்கிறது. புதிய திராட்சரசம், மாவு, ஆடு மாடு, எண்ணெய் எல்லாவற்றிலும் முதல் பங்கு அவர்களுக்கு.

ஆனால் அதே நூல் சோதனையும் வைக்கிறது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் படுத்துக்கிடந்தால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ராத்திரி வரைக்குமான அப்பம் மட்டும் கொடு, காசு கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று விருந்துக்கு ஆர்டர் போட்டு, அந்தப் பந்தியிலே உட்கார்ந்து சாப்பிட்டால் அவனும் கள்ளன்தான்! வருகிறவன் அங்கேயே குடியேற நினைத்தால் கைத்தொழில் செய்து சாப்பிடட்டும். மாட்டேன் என்றால் அவனுக்கு அந்த நூல் ஒரு பெயர் வைத்திருக்கிறது, கிறிஸ்தெம்போரோஸ். கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவன். இந்தச் சொல்லை நம் காலத்துச் சுவரொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுதியவர் நேற்றுதான் இறந்தார் போலிருக்கும்.

அப்புறம் 15-ஆம் அதிகாரம். உங்களுக்காகக் கண்காணிகளையும் உதவிக்காரரையும் நீங்களே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சாந்தமானவர்களாக, பண ஆசை இல்லாதவர்களாக, உண்மையுள்ளவர்களாக இருக்கட்டும். அவர்களும் தீர்க்கதரிசிகள் செய்யும் ஊழியத்தைத்தான் செய்கிறார்கள், ஆகவே அவர்களை அற்பமாக எண்ணாதீர்கள். கடைசி வரியைக் கவனியுங்கள். உள்ளூர்க்காரனை யாரும் மதிக்கவில்லை என்றுதானே அப்படி எழுத வேண்டிவந்தது? வெளியூரிலிருந்து வந்து உரக்கப் பேசுகிறவருக்குக் கிடைத்த மரியாதை, தினமும் கணக்கெழுதுகிற உள்ளூர்ப் பெரியவருக்குக் கிடைக்கவில்லை.

தனிச்சபை

சரி, மூன்றாம் நாள் சோதனை நல்ல சோதனைதான். எங்கள் ஊருக்கு வருகிற சிலருக்கு வைத்துப் பார்க்கலாம். ஆனாலும் ஆவியின் வரம் வேறு, பதவி வேறு என்பதில் நான் மாறமாட்டேன்.

செபமாலை

வேறு வேறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இஞ்ஞாசியார் பிலதெல்பியாவில் இருந்தபோது நடந்ததை அவரே எழுதுகிறார். மக்கள் நடுவில் பெருங்குரலில் கத்தினாராம்: ஆயரையும் மூப்பர் குழுவையும் திருத்தொண்டரையும் பற்றிக்கொள்ளுங்கள் என்று. அங்கே பிளவு இருப்பதை யாரோ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். எந்த மனிதரும் சொல்லவில்லை, ஆவியே அறிவித்தார் என்று சாதிக்கிறார். ஆயர்தான், ஆவியில்தான் பேசுகிறார், பேசுவதும் ஆயருக்குக் கீழ்ப்படியச் சொல்லித்தான். பொலிகார்ப்பின் மரண வரலாறும் அவரை ஆயர் என்றும் இறைவாக்குரைக்கும் போதகர் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது.

ஓலைச்சுவடி

இது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். பிரிந்தது பின்னால்தான். 170 வாக்கில் சின்ன ஆசியாவின் பிரிகியாவில் மொந்தானு, பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற மூவர் தீர்க்கதரிசனம் சொல்லி ஒரு பெரிய இயக்கமே கிளம்பியது. ஆயர்கள் கூடிக்கூடிப் பேசி ஒதுக்கினார்கள். அந்த இயக்கத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று வேடிக்கையானது: மொந்தானு பணம் வசூலிக்க ஆள் போட்டான், பிரசங்கிகளுக்குச் சம்பளம் கொடுத்தான் என்று. சம்பளம் கொடுப்பது அன்று கேவலம்.

மாதுளை

இவ்வளவு நேரம் படித்தேன். தாமாஸ், ஒனேசிமு, வாலென்ஸ், மொந்தானு. பெண்களில் இப்போதுதான் இரண்டு பெயர் வந்திருக்கிறது, அதுவும் ஒதுக்கப்பட்ட கூட்டத்தில்! நானே சொல்கிறேன்.

கொரிந்துவுக்கு ஒரு துறைமுகம், கெங்கிரேயா. அங்கே பெபேயாள். பவுல் ரோமருக்கு எழுதும்போது அவளை அந்தச் சபையின் தியாகோனோஸ் என்கிறார். பிலிப்பியர் முதல் வசனத்தில் இருக்கும் அதே சொல். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆண்களுக்கு வந்தால் உதவிக்காரர், பெபேயாளுக்கு வந்தால் ஊழியக்காரி. பின்னால் வந்த திருவிவிலியம் மொழிபெயர்ப்பில் திருத்தொண்டர் என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த வசனத்தில் பவுல் அவளை ப்ரொஸ்டாட்டிஸ் என்கிறார். நாலு பேருக்குப் பின்னால் நின்று பணமும் செல்வாக்கும் கொடுத்துத் தாங்கும் புரவலர். நமக்கு வந்தது "ஆதரவாயிருந்தவள்". ஆறுதல் சொன்னவள் போல ஒலிக்கிறது.

யூனியா கதை இன்னும் விசேஷம். "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்" என்று அன்றோனீக்கையும் யூனியாவையும் பவுல் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் என்ற பெரிய பிரசங்கி, இந்தப் பெண்ணை அப்போஸ்தலர் என்று அழைக்கும் அளவுக்கு அவள் ஞானம் எவ்வளவு பெரியது என்று வியக்கிறார். கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி. பின்னால் வந்தவர்கள் அவளை யூனியாஸ் என்று ஆணாக்கினார்கள். அறிஞர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே பதிப்பில் 1927-இல் ஆண் உச்சரிப்பு ஏறி, 1998-இல்தான் பெண்ணாகத் திரும்பி வந்தாள். யூனியாஸ் என்று ஓர் ஆண் பெயர் பழைய கல்வெட்டு எதிலும் அகப்படவில்லை. யூனியா ரோம் கல்வெட்டுகளில் குவிந்து கிடக்கிறது.

கொலோசெயர் நான்காம் அதிகாரத்தில் நிம்பா வீட்டுச் சபை. கையெழுத்துப் பிரதிகளில் சிலவற்றில் "அவள் வீடு", சிலவற்றில் "அவன் வீடு", சிலவற்றில் "அவர்கள் வீடு". எழுதினவர்களுக்கு எங்கே கை நடுங்கியது என்று தெரிகிறதல்லவா?

கடைசியாக, கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் சாட்சி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தில் பிளினி என்ற ஆளுநர் சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதுகிறார்: உண்மையைக் கறக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன், அவர்களை மினிஸ்திரே என்று அழைக்கிறார்கள், எல்லை மீறிய மூடநம்பிக்கை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. மினிஸ்திரே என்பது தியாகோனோஸுக்கு நேர் லத்தீன். அந்த மாகாணத்துச் சபையைப் பற்றி விசாரித்த ரோம அதிகாரி பிடித்தது இரண்டு அடிமைப் பெண்களை. பெயர்கூட எழுதவில்லை, பாவி.

செபமாலை

அக்கா, பிளினி சாட்சி வலுவானது. ஆனால் பெண் திருத்தொண்டர் செய்த பணி ஆண் திருத்தொண்டர் பணியே அல்ல. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுதிய டிடஸ்காலியா நூலில் தெளிவாக இருக்கிறது. திருமுழுக்கின்போது பெண்களுக்கு எண்ணெய் பூசுவதற்கும், ஆண் போக முடியாத வீடுகளில் நோயாளிப் பெண்களைப் பார்ப்பதற்கும்தான் அவர்கள்.

மாதுளை

தம்பி, மூன்றாம் நூற்றாண்டு சிரியாவை முதல் நூற்றாண்டு கெங்கிரேயாவுக்கு உடுத்திவிடுகிறீர்கள். ஓலைச்சுவடி அண்ணன் முதலில் என்ன சொன்னார்? எந்த ஊர், எந்தக் காலம். அதுவும் போக, அதே டிடஸ்காலியாவில் ஆயர் பிதாவின் இடத்தில், திருத்தொண்டர் கிறிஸ்துவின் இடத்தில், பெண் திருத்தொண்டர் தூய ஆவியின் இடத்தில், மூப்பர்கள் அப்போஸ்தலர் இடத்தில் என்று வரிசை வருகிறது. மூப்பருக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். 451-இல் கல்சதோன் சங்கத்திலும் நாற்பது வயதுக்கு முன் பெண் திருத்தொண்டரை நியமிக்காதே என்றுதான் விதி போட்டார்கள். இல்லாத பதவிக்கு வயது வரம்பு எதற்கு?

வரிவரி

நான் கணக்காளர். எனக்கு ஒரு கேள்விதான். பல மூப்பர் நடத்திய சபை ஓர் ஆயர் கைக்கு ஏன் போயிற்று? ஆவி, யாழ் எல்லாம் சரி, பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது?

ஓலைச்சுவடி

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

155 வாக்கில் ரோமில் யூஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விவரிக்கிறார். நேரம் இருக்கும்வரை வாசிப்பு. அப்புறம் முன்னால் நிற்கிறவர் புத்தி சொல்கிறார், அப்பத்துக்கும் ரசத்துக்கும் நன்றி சொல்கிறார். வராதவர்களுக்கு உதவிக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். வசதியுள்ளவர்கள் விருப்பப்படி கொடுக்கிறார்கள். சேர்ந்த பணம் அந்த முன் நிற்கிறவரிடம் வைக்கப்படுகிறது. அநாதை, விதவை, நோயாளி, சிறையில் இருப்பவர், வழிப்போக்கர் எல்லாருக்கும் அவர்தான் பொறுப்பு. பந்தி நடத்துவதும் பண்டகம் காப்பதும் ஒரே கையில். அப்போஸ்தலர் 6-இல் பன்னிருவர் எங்களுக்கு ஆகாது என்று ஏழு பேரிடம் தள்ளிவிட்டார்களே "பந்திவிசாரணை", அதேதான் சுற்றிச் சுற்றி வந்து தலைமை ஆகிவிட்டது.

இப்போது 251-க்கு வாருங்கள். ரோம் ஆயர் கொர்னேலியு அந்தியோக்கியா ஆயர் பாபியுவுக்கு எழுதிய கடிதத்தில் ஆள் கணக்கு தருகிறார். மூப்பர் 46, திருத்தொண்டர் 7, துணைத் திருத்தொண்டர் 7, பீடத்துணைவர் 42, பேயோட்டுவோர், வாசகர், வாசல்காப்போர் சேர்த்து 52. சபைப் பணத்தில் சாப்பிடும் விதவைகளும் ஏழைகளும் 1500-க்கு மேல். வரிவரி, நீங்களே சொல்லுங்கள், தினமும் 1500 இலை போடுகிற இடத்தை 46 பேர் குழு கைதூக்கி ஓட்டுப்போட்டு நடத்த முடியுமா? எங்கள் தெருக் கோயில் கொடையில் ஒருநாள் அன்னதானத்துக்கே மூன்று கோஷ்டி.

திருத்தொண்டர் மட்டும் ஏழு பேரில் நின்றதையும் பாருங்கள். எருசலேம் எழுவர் கணக்கு. மூப்பர் 46, இவர்கள் 7. அரிதானவர்கள், ஆயரோடு ஒட்டி நிற்பவர்கள், பணம் இவர்கள் கைவழியாகப் போகிறது. பதவியில் மூப்பருக்குக் கீழே, பலத்தில் மேலே. 325-இல் நிசேயா சங்கம் 18-ஆம் விதியில் திருத்தொண்டர்களைக் கண்டிக்கிறது: மூப்பர்களுக்கு நற்கருணை கொடுக்காதே, மூப்பர் நடுவில் உட்காராதே. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து பழகியிருந்தால்தானே விதி வரும்.

செபமாலை

எல்லாவற்றையும் காசில் கொண்டுபோய் முடித்தால் நியாயமா? 96 வாக்கில் கொரிந்துவில் இளையவர்கள் சிலர் நல்ல மூப்பர்களைத் தூக்கி எறிந்தார்கள். ரோம் சபை எழுதியது, கிளமெந்து கடிதம் என்கிறோம். கண்காணிப்புப் பதவியின் பெயரால் சண்டை வரும் என்று திருத்தூதர்களுக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஆட்களை நியமித்து, அவர்களுக்குப் பின் யார் என்ற ஒழுங்கும் வைத்தார்கள் என்கிறது. 180 வாக்கில் ஆயர் இரேனேயு, ரோம் ஆயர்களை லீனு தொடங்கி எலூத்தேரு வரை பன்னிரண்டு பேராக வரிசையாகச் சொல்கிறார். போதனை மாறாமல் கைமாறி வந்ததற்கு அதுதான் அத்தாட்சி. ஊருக்கு ஊர் ஒருவன் "இரகசிய ஞானம் எனக்குத் தெரியும்" என்று கடைவிரித்த காலம் அது. யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது.

ஓலைச்சுவடி

அதை நான் மறுக்கவே இல்லை. பெட்டியும் வேண்டும், முகமும் வேண்டும், இரண்டும் சேர்ந்துதான் ஆயர். ஆனால் கிளமெந்து கடிதத்தையே பாருங்கள். அதில் கண்காணிகள் என்றும் மூப்பர்கள் என்றும் மாற்றி மாற்றி ஒரே ஆட்களைச் சொல்கிறது. கிளமெந்து என்ற பெயர் கடிதத்துக்குள் இல்லை. "ரோமில் தங்கியிருக்கும் தேவனுடைய சபை" எழுதுவதாகத்தான் தொடங்குகிறது. அதே ரோமில் எர்மா என்பவர் எழுதிய தரிசன நூலில் சபையை முன்நின்று நடத்தும் மூப்பர்கள் என்று பன்மையில் வருகிறது. கிளமெந்து அங்கே வெளியூர்களுக்கு ஓலை அனுப்புகிற ஆள். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் சொல்லிக்கொடுப்பது கிராப்தே என்ற பெண் (மாதுளை அக்கா, உங்களுக்கு இன்னொரு பெயர்). இரேனேயுவின் பட்டியலில் இருக்கும் ஆட்கள் இருந்திருப்பார்கள், ஆனால் குழுவின் நடுவே ஒருவராக.

வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமையும் கேளுங்கள். உங்கள் பக்கத்து ஆள்தானே. அலெக்சாந்திரியாவில் மாற்கு காலம் தொட்டு மூன்றாம் நூற்றாண்டு ஆயர்கள் ஹெரக்ளா, தியோனீசியு காலம் வரை மூப்பர்களே தங்களில் ஒருவரைத் தெரிந்து ஆயராக உட்காரவைத்தார்கள், படை தனக்குத் தலைவனை ஆக்கிக்கொள்வதுபோல என்று எழுதுகிறார். திருத்தொண்டர்கள் மூப்பர்களைவிடப் பெரியவர்கள் போல நடந்ததைக் கண்டு கோபத்தில் எழுதின கடிதம் அது!

கொழுந்து

இவர்கள் எல்லாம் எங்கே உட்கார்ந்தார்கள்? எங்கள் தோட்டக் கோயிலில் அந்தக் காலத்தில் கங்காணி குடும்பத்துக்கு முன் பெஞ்சு. அதனால் கேட்கிறேன்.

ஓலைச்சுவடி

சிரியாவில் யூப்ரட்டீஸ் கரையில் தூரா எவ்ரோப்போஸ் என்ற கோட்டை ஊர். 256-இல் பாரசீகர் அழித்தார்கள். மதிலைப் பலப்படுத்த ரோமர்கள் பக்கத்து வீடுகளில் மண்ணைக் கொட்டி நிரப்பியதால் ஒரு கிறிஸ்தவ வீடு அப்படியே பிழைத்தது. 1930-களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்கள். சாதாரண முற்றம் வைத்த வீடு. இரண்டு அறைக்கு நடுச் சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள், சுமார் 13 மீட்டருக்கு 5 மீட்டர். அந்தக் கூடத்தின் ஒரு கோடியில் தரையிலிருந்து சற்று உயர்ந்த ஒரு சின்ன மேடை. ஓர் ஆள் உட்காரவோ நிற்கவோ போதும். நாற்காலி வந்தது என்று தனிச்சபை சொன்னாரே, நாற்காலிக்கு முன்னால் அந்தத் திண்டு வந்தது.

ஆனால் அதே சிரியா, அதே நூற்றாண்டு டிடஸ்காலியா ஆயருக்கு ஒன்று சொல்கிறது. கூட்டம் நிரம்பியிருக்கும்போது ஏழை ஒருவன், அதிலும் வயதானவன், உள்ளே வந்து அவனுக்கு இடம் இல்லையென்றால், ஆயரே, நீர் தரையில் உட்கார நேர்ந்தாலும் அவனுக்கு இடம் பண்ணிக்கொடும் என்று. பணக்காரன் வந்தால் பேச்சை நிறுத்தி எழுந்திருக்க வேண்டாம், ஏழைக்கு எழுந்திரு.

மாதுளை

இந்த விதியை எந்தச் சங்கமும் ரத்து செய்யவில்லையே?

செபமாலை

இல்லை அக்கா. இதில் மட்டும் நான் உங்கள் கட்சி.

கல்லிடையான்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி கூட்டம். பவுல், இக்னேஷியஸ் என்று கட்டுக்கட்டாக எழுதிக்கொண்டு போனேன். ஒன்றையும் பேச விடவில்லை. டிடாக்கேயின் மூன்றாம் நாள் சோதனையை மட்டும் நடுவில் சொல்லிவிட்டேன். பின்வரிசைப் பையன் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். வாலென்ஸ் பெயரை எடுக்கலாமா என்று யோசித்தபோது பொருளாளரே எழுந்து, கணக்கு நோட்டு அடுத்த வாரம் வரும் என்றார். அவர் எனக்குத் தாய்மாமா. வாலென்ஸை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.